ஆல்மா தாமஸ் உண்மையிலேயே எழுபது வயதில்தான் வரையத் தொடங்கினாரா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியை ஓய்வு பெற்ற பிறகு, எழுபது வயதில் ஓவியம் வரையத் தொடங்கிப் பெரிய அரூப ஓவியர் ஆனார் என்று படித்தேன். அது நடந்த கதையா? எந்தப் பயிற்சியும் இல்லாமல் அந்த வயதில் அப்படி வர முடியுமா?"

ஆசிரியை என்பது உண்மை. ஓய்வு பெற்றதும் உண்மை. இன்று அருங்காட்சியகங்கள் பெருமையோடு மாட்டி வைத்திருக்கும் அவருடைய ஓவியங்களில் பெரும்பாலானவை எழுபதைக் கடந்த பிறகு வரையப்பட்டவை என்பதும் உண்மை. 'தொடங்கி' என்ற ஒரு சொல்தான் தவறு. அந்தச் சொல்லைத் திருத்துவதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கேட்பதற்கு இனிமையான அந்தக் கதை, ஆல்மா தாமஸ் என்ற மனுஷியின் நாற்பது ஆண்டு உழைப்பைத் துடைத்துப் போட்டுவிடுகிறது.

ஆல்மா தாமஸ் 1891 செப்டம்பர் 22 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். நான்கு பெண்களில் மூத்தவர். தந்தை வியாபாரம் செய்தார். தாய் ஆடைகளை வடிவமைத்துத் தைப்பவர். மேட்டின் மேல் பெரிய வீடு, அலபாமாவில் தாத்தாவின் நிலம், ஓடைக்கரைச் செம்மண்ணில் பாத்திரங்கள் செய்து விளையாடிய விடுமுறைகள் என்று வசதியான குழந்தைப் பருவம்தான். ஆனால் அது கறுப்பினக் குடும்பம். ஊரின் பொது நூலகத்தில் அவர்களுக்கு இடமில்லை. அருங்காட்சியகத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகள் படிக்க உயர்நிலைப் பள்ளியும் கிடையாது. 1906இல் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரை வேட்டையாடிக் கொன்றன. மறு ஆண்டே தாமஸ் குடும்பம் வாஷிங்டனுக்குக் கிளம்பிவிட்டது. போட்டோமாக் ஆற்றைக் கடந்தபோது, பிள்ளைகளைக் காலணிகளைக் கழற்றச் சொல்லி, அதில் ஒட்டியிருந்த ஜார்ஜியா மண்ணைத் தட்டிவிடச் சொன்னாராம் தாய். ஆல்மா பிற்காலத்தில் சொன்ன இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம், பிறந்த மண்ணை உதறிவிட்டுப் போக வேண்டிய நிலை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று மனம் கனத்துப் போகிறது.

வாஷிங்டனின் பதினைந்தாம் தெருவில் ஒரு செங்கல் வீட்டை அவர்கள் வாங்கினார்கள். ஆல்மா சில ஆண்டுகள் வெளியூரில் வேலை பார்த்தார் என்றாலும், 1978இல் இறக்கும்வரை அதுவே அவருடைய வீடு. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டின் முகப்பு ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அவருக்குக் கட்டடக் கலைஞர் ஆக வேண்டும் என்று ஆசை. 1912இல் அவர் செய்த ஒரு பள்ளிக்கூடத்தின் மாதிரி, அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணைக் கட்டடம் கட்ட யார் அழைப்பார்கள்? ஆசிரியப் பயிற்சி முடித்து, டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் ஒரு சமூக நல விடுதியில் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்தார். 1921இல், முப்பதை எட்டும் வயதில், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மனையியல் மாணவியாகச் சேர்ந்தார். ஆடை வடிவமைப்பாளர் ஆவது அப்போதைய திட்டம். அங்கே புதிதாக ஓவியத் துறையை உருவாக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹெர்ரிங் அவருடைய கைத்திறனைக் கண்டு, தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். 1924இல் அந்தத் துறையிலிருந்து வெளிவந்த முதல் பட்டதாரி ஆல்மா தாமஸ்.

ஆக, "பயிற்சியே இல்லாமல்" என்பதற்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. இது வெறும் ஆரம்பம்தான்.

அதே ஆண்டில் ஷா நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனார். 1960 வரை அங்கேதான். இந்த முப்பத்தைந்து ஆண்டுகளைப் பலர் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அப்படிப் போக மாட்டேன். வாஷிங்டனில் அப்போது பள்ளிகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்ல ஓவியத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பே அரிது. ஆல்மா என்ன செய்தார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கலைக் கழகத்தை அமைத்தார். தன் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு ஓவியக்கூடத்தை ஏற்படுத்தி, கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளைக் கொண்டுவந்து மாட்டினார். விடுமுறையில் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் படித்து, 1934இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பொம்மலாட்டக் கலைஞர் டோனி சார்கிடம் நூல்பொம்மை செய்யக் கற்றுக்கொண்டு வந்து, அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

1943இல் அவருடைய பழைய ஆசிரியர் ஹெர்ரிங்கும் அலான்சோ ஏடனும் சேர்ந்து வாஷிங்டனில் பார்னெட்-ஏடன் கலைக்கூடத்தை ஒரு வீட்டிலேயே தொடங்கினார்கள். எல்லா நிறத்தவரின் படைப்புகளும் அருகருகே தொங்கிய இடம் அது. அந்தப் பிரிவினை நகரத்தில் அப்படி ஓர் இடம் இருந்ததே பெரிய விஷயம். அதன் துணைத் தலைவர் ஆல்மா. லோயிஸ் மைலூ ஜோன்ஸ் நடத்திய ஓவியர் குழு ஒன்றிலும் கலந்துகொண்டு வரைந்துவந்தார். காலையில் பள்ளி, மாலையில் கலைக்கூடம், வார இறுதியில் தூரிகை. இடைவிடாமல் வரைந்தார், ஆனால் அப்போது அவர் வரைந்தவை பழம், பூச்சாடி, வீட்டுக்காட்சி போன்ற உருவ ஓவியங்கள். திறமையானவை என்று சொல்வேன், மறக்க முடியாதவை என்று சொல்ல மாட்டேன்.

திருப்பம் 1950களில் வந்தது. வயது அறுபதை நெருங்கும்போது அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மாலை, வார இறுதி வகுப்புகளில் மாணவியாகச் சேர்ந்தார். தன்னிடம் பள்ளியில் படித்த பிள்ளைகளின் வயதுள்ளவர்களோடு உட்கார்ந்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் படித்தார். ஜோ சம்மர்ஃபோர்ட், ஜேக்கப் கைனன் ஆகியோர் அங்கே அவருக்குக் கற்பித்தார்கள். கைனன் பின்னாளில் அவருக்கு நல்ல நண்பராகவும் ஆனார். உருவங்கள் அந்த ஆண்டுகளில் மெல்லக் கரையத் தொடங்கின. முதலில் பொருட்களின் ஓரங்கள் மங்கின, பிறகு பொருட்களே போய், கருநீலமும் கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த கனமான தைலவண்ணப் பரப்புகள் மட்டும் மிஞ்சின. அந்தக் காலத்து அமெரிக்க அரூப ஓவியம் போன பாதை அது; ஆல்மாவும் அதில் நடந்தார், இன்னும் தன் குரல் வரவில்லை. கூடவே ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த யோஹனஸ் இட்டனின் நிறக் கோட்பாட்டை ஆழ்ந்து படித்தார். நிறங்கள் ஒளியின் பிள்ளைகள் என்ற இட்டனின் எண்ணம் அவர் மனத்தில் ஊன்றிவிட்டது.

1960இல் ஓய்வு. 1963இல் ஒரு முக்கியமான பரிசோதனை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் கடைசிக் காலத்தில், நோயாளியாக இருந்துகொண்டு, வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிச் செய்த 'நத்தை' என்ற படைப்பை ஆல்மா எடுத்துக்கொண்டார். அதைத் திருப்பி வைத்து, நிறங்களை மாற்றி, அக்ரிலிக் வண்ணத்தில் 'வட்டூசி' என்ற ஓவியமாக வரைந்தார். இதை வைத்துப் பின்னாளில் ஒரு சர்ச்சையே எழுந்தது. 2009இல் ஒபாமா குடும்பம் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்திலிருந்து அந்த ஓவியத்தை வெள்ளை மாளிகைக்கு இரவல் வாங்கியபோது, 'காப்பியடித்த படம்' என்று சிலர் கூச்சலிட்டார்கள். இடத்துக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி ஓவியம் திருப்பி அனுப்பப்பட்டது. எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி அது. முன்னோரின் ஒரு படைப்பைக் கையில் எடுத்து, மாற்றி அமைத்துப் பார்த்து, அதன் உள்கட்டமைப்பைப் புரிந்துகொள்வது உலகெங்கும் ஓவியர்கள் செய்வது. மத்தீஸின் தாள் துண்டுகளுக்கு இடையே இருந்த வெள்ளை இடைவெளிதான் ஆல்மாவின் கண்ணில் பட்டது என்று நான் நினைக்கிறேன். அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவர் வரைந்தவற்றில் அந்த இடைவெளிதான் மூச்சுவிடுகிறது.

அதே 1963இன் ஆகஸ்ட் 28 அன்று கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில், 71 வயதில், அவரும் நடந்தார். அடுத்த ஆண்டு அந்தப் பேரணியை ஓவியமாகவும் வரைந்தார்: பதாகைகளும் தலைகளும் நிறத் திட்டுகளாக நெருங்கி நிற்கும் காட்சி. அரசியலை நேராகத் தொட்ட ஓவியம் என்று அவருடைய பிற்காலப் படைப்புகளில் சொல்லத்தக்கது அதுதான்.

பிறகு மூட்டுவாதம். கைகால்கள் முடங்கி, இனி வரையவே முடியாது என்று அவரே நினைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நேரத்தில்தான் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய மொத்தப் படைப்புகளையும் தொகுத்துக் கண்காட்சி வைக்கலாம் என்ற அழைப்பு வந்தது. 1966இல் நடந்த கண்காட்சி அது. பழையவற்றையே துடைத்து மாட்டுவதற்கு அவருக்கு மனமில்லை. இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை, தானே செய்திராத ஒன்றை வைக்க வேண்டும் என்று விரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்து முகப்பு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே ஒரு ஹாலி மரம் நின்றது. பளபளப்பான கரும்பச்சை இலைகள் காற்றில் அசைய, இலைகளின் சந்துகள் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக உள்ளே விழுந்தது. ஆல்மா அதை வரையத் தொடங்கினார்: இலையை விட்டுவிட்டு, மரத்தை விட்டுவிட்டு, அந்த வெளிச்சத் துண்டுகளை மட்டும்.

அவர் அதை எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் நீர்வண்ணத்தில் சிறு மாதிரிகள். தாளை வெட்டுவார், வேறொரு துண்டோடு ஒட்டிப் பார்ப்பார், எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் உயிர் பெறுகிறது என்று சோதிப்பார். பிறகு வெள்ளைப் பூச்சு பூசிய கித்தானில் பென்சிலால் கோடுகள் இழுத்துக்கொள்வார். அந்தக் கோடுகளுக்குள் சின்னச் சின்னத் தீற்றல்கள், விரல் நீளத்துக்கு, ஒன்றன்பின் ஒன்றாக. சிவப்பு வரிசை, பக்கத்தில் ஆரஞ்சு, பக்கத்தில் மஞ்சள். ஒரு தீற்றலுக்கும் அடுத்ததற்கும் இடையே வெள்ளை தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் பென்சில் கோடும் தெரியும். அதை அவர் மறைக்க முயலவில்லை. மூட்டுவலியால் நெடுநேரம் நிற்க முடியாதபோது, கித்தானை மடியிலும் சோபாவிலுமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைந்தார். தனி ஓவியக்கூடம் எதுவும் கிடையாது. சமையலறையும் முன்னறையும்தான் பணியிடம்.

அதே நகரத்தில் அதற்குச் சற்று முன்பிருந்தே மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட், ஜீன் டேவிஸ் முதலியோர் நிறத்தையே பொருளாகக் கொண்டு வரைந்து பெயர் பெற்றிருந்தார்கள். வாஷிங்டன் நிறப் பள்ளி என்று அவர்களுக்குப் பெயர். ஆல்மாவையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. லூயிஸும் நோலண்டும் நீர்த்த வண்ணத்தைப் பூச்சில்லாத கித்தானில் ஊறவிட்டார்கள். டேவிஸ் டேப் ஒட்டி ஓரம் பிசகாத பட்டைகள் வரைந்தார். மூன்றிலும் கை இருந்த சுவடே தெரியாது. ஆல்மாவின் ஒவ்வொரு தீற்றலிலும் கை தெரிகிறது. ஒன்று சற்றே அகலம், ஒன்று கோணல், ஒன்றில் வண்ணம் தடிப்பு, ஒன்றில் மெலிவு. தையல்காரத் தாயின் மகள், ஆடை வடிவமைப்புப் படிக்கப் போனவர், முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வெட்டவும் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தவர் என்பதெல்லாம் அந்தத் தீற்றல்களின் வரிசையில் இருக்கிறது. எழுபது வயதில் தொடங்கிய கைக்கு அந்த நிதானம் வராது.

பூக்களை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து வரைந்தவற்றை அவர் பூமி ஓவியங்கள் என்று அழைத்தார். செங்குத்துப் பட்டைகளாகவோ, ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களாகவோ அவை அமையும். 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதும் விண்வெளி ஓவியங்கள் தொடங்கின. குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தவர் ராக்கெட் புறப்படுவதை வண்ணத் தொலைக்காட்சியில் பார்த்தார். அந்த வியப்பு அவரை விடவே இல்லை. அப்போலோ 10இன் நிலவுக்கலத்துக்கு வைத்த செல்லப் பெயர் ஸ்னூபி. அதையே பாத்திரமாக்கி, அந்தக் கலத்தின் கண்ணால் பூமியைப் பார்ப்பதுபோல் ஒரு வரிசை ஓவியங்கள் வரைந்தார். செவ்வாய்க் கோளைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9 விண்கலம், அங்கே கோள் முழுவதையும் மூடிய புழுதிப்புயலைக் கண்டது; 1972இல் ஆல்மா 'செவ்வாய்ப் புழுதி'யை வரைந்தார். 1970 மார்ச்சில் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் முழுச் சூரிய கிரகணம் தெரிந்த ஆண்டில் 'கிரகணம்' பிறந்தது.

1972 ஏப்ரலில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவருடைய தனிக் கண்காட்சியை நடத்தியது. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர், வயது 80. இது அருங்காட்சியகத்தின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினக் கலைஞர்களைப் புறக்கணிப்பதைக் கண்டித்து 1969 முதல் விட்னியின் வாசலில் கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த அழுத்தத்தின் விளைவாகக் கறுப்பினக் கலைஞர்களுக்குச் சிறிய தனிக் கண்காட்சிகள் வரிசையாக நடத்தப்பட்டன. ஆல்மாவுடையதும் அவற்றில் ஒன்று. கதவை மற்றவர்கள் தட்டினார்கள், அந்தக் கதவு திறந்தபோது உள்ளே வைக்கத் தகுந்த ஓவியங்கள் ஆல்மாவிடம் தயாராக இருந்தன. இரண்டும் தேவைப்பட்டன. அதே ஆண்டில் வாஷிங்டனின் கார்கரன் கலைக்கூடமும் அவருக்குக் கண்காட்சி நடத்தியது. நகர மேயர் செப்டம்பர் 9ஆம் தேதியை ஆல்மா தாமஸ் நாள் என்று அறிவித்தார். அந்த ஆண்டு அவர் பத்திரிகையிடம் சொன்னதன் சாரம் இது: சிறுமியாக இருந்தபோது அருங்காட்சியகத்துக்குள் நுழையவே முடியாது, அங்கே என் ஓவியம் தொங்கும் என்று நினைத்துப் பார்க்கவும் முடியாது, இப்போது என்னைப் பாருங்கள்.

அவரைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ஊரே எரிந்துகொண்டிருக்கும்போது பூ வரைவதா என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் கறுப்பின அரூப ஓவியர்கள் எல்லோர் முன்னும் வைக்கப்பட்டது. நியாயமற்ற கேள்வி என்று தள்ளிவிட முடியாது; கேட்டவர்கள் தெருவில் அடிபட்டவர்கள். மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையைவிட அழகையும் மகிழ்ச்சியையும் நிறத்தின் வழியே தேடினேன் என்பது ஆல்மாவின் பதில். தன்னைக் கறுப்பின ஓவியர் என்று அடையாளப்படுத்த வேண்டாம், ஓவியர் என்றே சொல்லுங்கள் என்றார். கொடுமையை அறியாதவர் சொன்ன சொல் இல்லை அது. ஜார்ஜியா மண்ணைக் காலணியிலிருந்து தட்டிவிட்டு வந்தவர் சொன்னது. மகிழ்ச்சியை அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். அதனால்தான் இந்த ஓவியங்களை 'அழகாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லி நகர்பவர்களைக் கண்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

எண்பதுக்குப் பிறகும் அவர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. வரிசைகள் உடைந்தன. தீற்றல்கள் ஒழுங்கான பட்டைகளை விட்டு, சிதறிய ஓட்டுச் சில்லுகள்போல் பரப்பு முழுவதும் பரவின. ஒரே நிறத்தின் மேல்தளத்துக்கு அடியிலிருந்து வேறு நிறங்கள் எட்டிப் பார்த்தன. தோட்டத்தில் இருந்த, நம் பூமருதுக்கு உறவான க்ரேப் மிர்ட்டில் மரம் காற்றோடு சேர்ந்து இசைப்பதாக 1973இல் ஓர் ஓவியம். 1976இல், 84 வயதில், மூன்று கித்தான்களை இணைத்து ஏறத்தாழ 13 அடி நீளத்தில் 'ராக் அண்ட் ரோல் இசை பாடி ஆடும் சிவப்பு அசேலியாக்கள்' (அசேலியா ஒரு பூச்செடி). வலியெடுக்கும் கை வரைந்த அளவு அது. 1978 பிப்ரவரியில் அவர் இறந்தார்.

சந்தை நெடுநாள் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 2015இல் 'உயிர்த்தெழுதல்' என்ற 1966ஆம் ஆண்டு வட்ட ஓவியம் வெள்ளை மாளிகையின் நிரந்தரத் தொகுப்பில் சேர்ந்து, அங்குள்ள பழைய உணவறையில் மாட்டப்பட்டது. கறுப்பினப் பெண் ஒருவரின் படைப்பு அந்தத் தொகுப்பில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. 2019இல் வேறொரு ஓவியம் ஏலத்தில் 26 லட்சம் டாலருக்கு மேல் போனது. இந்தத் தொகைகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆர்வமில்லை.

நீங்கள் அவரைப் பார்க்கத் தொடங்க விரும்பினால், அவருடைய படைப்புகளை அதிகமாக வைத்திருக்கும் பொதுத் தொகுப்பு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 'கிரகண'த்தில் ஆரம்பியுங்கள். கருநீல வட்டு நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கி நிற்பதையும், அதனால் சுற்றியுள்ள வளையங்கள் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதையும் கவனியுங்கள். பிறகு சிவப்பு அசேலியாக்களுக்குப் போங்கள். அந்தச் சிவப்பை உடனே பார்த்துவிடுவீர்கள். அதற்கு இடையிலுள்ள வெள்ளையை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஹாலி மரத்தின் சந்துகள் வழியே அவர் ஜன்னலுக்குள் விழுந்த வெளிச்சம் அதுதான்.